முப்பத்தோராம் வரியில் ஒரு விரிசல்

தம்பி,

இன்று மதியத்துக்குள் உன் மில்லின் பெண்கள் விடுதிக்குப் போ. இரண்டாம் கட்டடத்தின் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருக்கும் பெண்களை எழுப்பிக் கீழே இறக்கு. அவர்கள் தலைக்கு மேலே நிற்கும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வடித்துவிடு. முதலாளியிடம் கேட்டுச் செய். கேட்க முடியாவிட்டால் கேட்காமல் செய். இதுவரை படித்துவிட்டாயானால் இதை அப்படியே வைத்துவிட்டு ஓடு. மீதியை அந்தப் பெண்கள் எல்லாரும் தரைக்கு வந்து சேர்ந்த பிறகு உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். நான் எழுபத்து மூன்று வயதுவரை எழுதிய எந்தக் கடிதத்தையும் இப்படித் தொடங்கியதில்லை. இந்தப் பக்கத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்பியும் விட்டேன். நீ இன்னும் பார்க்கவில்லை என்று என் போன் சொல்கிறது. ஆகவே மேற்கொண்டு எழுதுகிறேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

முதலாளிக்கு அனுப்பவேண்டிய செய்தியை நேற்று மாலை எனக்கு அனுப்பி, "அம்மா, தமிழைச் சரி பண்ணிக் குடு" என்றாய். கூடவே மூன்று படங்கள். இன்று காலையில்தான் திறந்தேன். முதலில் படங்களைப் பார்த்தேன். தொட்டியைத் தாங்கும் தூணில், ஆள்காட்டி விரலை உள்ளே விடக்கூடிய அகலத்தில் ஒரு வெடிப்பு. அதற்குள் துருப்பிடித்துப் பொரிந்துபோன கம்பி. கீழே அறையின் கூரையில் ஈரம் பரவிய பெரிய கறுப்புத் திட்டு, அதன் நேர்கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளியை ஒட்டி ஒரு பாய், பாயில் ஒரு பெண்ணின் கால். பிறகு செய்தியைப் படித்தேன். நாற்பத்தாறு வரி. முதலாளிக்கு வணக்கம், அவர் பேத்தியின் காதுகுத்துக்கு வாழ்த்து, சென்ற மாத உற்பத்தி கூடியதற்கு மகிழ்ச்சி, திங்கட்கிழமை வரவிருக்கும் வெளிநாட்டு வியாபாரிகளுக்காக விருந்தினர் கட்டடத்துக்கு வெள்ளையடித்த செய்தி, அந்த வெள்ளையின் தரம் பற்றிய பாராட்டு. முப்பத்தோராம் வரியில், "மேலும் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புவது யாதெனில், விடுதி மேல்நிலைத் தொட்டியின் தூண் ஒன்றில் சிறிய அளவிலான விரிசல் காணப்படுவதால், வாய்ப்பு நேரும்போது வல்லுநர் ஒருவரைக் கொண்டு பார்வையிடச் செய்தல் நலம் பயக்கும் எனத் தாழ்மையுடன் கருதுகிறேன்." முப்பத்து மூன்றாம் வரியில் கேண்டீன் மின்விசிறிக்குத் தாவிவிட்டாய்.

தமிழில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் பிழை. உடனே உன்னைக் கூப்பிட்டேன்.

"ஏலே, இத முதலாளிக்கு அனுப்பிட்டியா இல்லையா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. வெள்ளிக்கிழமை அவருக்குக் கெட்ட சேதி போகக் கூடாது. மில்லுல அம்புட்டுப் பேருக்கும் தெரியும். நாளைக்குக் காலைல அனுப்புறேன். நீ எழுத்துப்பிழைய மட்டும் பாரு."

"தொட்டிக்குக் கிழமை தெரியுமாடா?"

"ஆரம்பிச்சிட்டியா. அது ஆறு மாசமா அப்படித்தாம்மா நிக்குது."

"ஆறு மாசமா நின்னது இன்னிக்கும் நிக்கும்னு எவன் எழுதிக் குடுத்தான்?"

"அம்மா, எனக்கு மீட்டிங் இருக்கு."

வைத்துவிட்டாய். அதன் பிறகு பதினோரு முறை கூப்பிட்டுவிட்டேன். உன் மில்லின் வெள்ளிக்கிழமை வழக்கத்தை நான் அறியாதவள் அல்ல. நீதான் பல தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். காலையில் மகாலட்சுமிக்கு விளக்கேற்றியவர் காதில் அன்று முழுவதும் நஷ்டம், உடைசல், காயம் என்ற சொற்கள் விழக்கூடாது. வெள்ளிக்கிழமைக் கழிவுப் பஞ்சின் எடை சனிக்கிழமைதான் தெரிவிக்கப்படும். போன வருடம் ஒரு ஃபிட்டரின் விரல் துண்டானபோது "கையில் சிறு அசௌகரியம்" என்று செய்தி போயிற்று, விரல் போன விவரம் மறுநாள்தான் போயிற்று. அன்று நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பாத்திரம் தேய்க்க வந்த பாண்டியம்மாளை உட்காரவைத்து உன் செய்தியை முழுக்க வாசித்துக் காட்டினேன். எழுதி முடித்ததைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, விவகாரம் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு, "என்ன புரிஞ்சது?" என்று கேட்கவேண்டும். பாண்டியம்மாள் புளியும் சாம்பலுமான கையோடு பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், "யாரோ பெரிய மனுசனுக்கு மாலை போடப் போறாக போலயே டீச்சர். நம்ம தம்பிதான் முன்ன நின்னு நடத்துதாக்கும்?" என்றாள். (நான் டீச்சர் அல்ல என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன், கண்ணாடி போட்டவள் டீச்சர்தான் என்பது அவள் கட்சி.) "விரிசல்னு ஒரு வார்த்தை வந்துச்சே, கவனிச்சியா?" என்றேன். "வெள்ளையடிச்சதுல விரிசலா?" என்றாள். படத்தைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்தாள். "ஆத்தீ, புள்ளைக படுத்திருக்குதுகளே! எறக்குங்க முதல்ல" என்று எழுந்தே விட்டாள். நீ நாற்பத்தாறு வரியில் சொல்லாததை அவள் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டாள்.

இப்படி எழுத உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். ஆறாம் வகுப்பில் நீ எழுதிய முதல் விடுப்புக் கடிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வாந்தி வருகிறது, இன்று வரமாட்டேன்" என்று எழுதியிருந்தாய். அதைக் கிழித்துப் போட்டேன். பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் வாந்தியைப் பற்றிப் பேசுவதா என்று அதட்டி, மதிப்பிற்குரிய ஐயாவில் தொடங்கி, அன்னாரின் நலம் விசாரித்து, வணங்கி வேண்டி, கடைசியில் வயிற்றுக் கோளாறைக் கைக்குட்டைக்குள் மடித்து வைப்பதுபோல வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். நீ அழகாகக் கற்றுக்கொண்டாய். எவ்வளவு அழகாக என்றால், கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும்போது இரண்டு பாடத்தில் தோற்றதை மூன்று பக்கக் கடிதத்தின் அடியில், விடுதிச் சாப்பாட்டுக்கும் அன்பு மகனுக்கும் நடுவே ஒளித்து எழுதினாய். உன் அப்பா கடிதத்தை வாங்கியதும் தலைகீழாகத் திருப்பி, கீழிருந்து மேலாகப் படித்தார். "ஒம் மகன் கடுதாசிய அடில இருந்துதான் படிக்கணும். மேல இருக்கறதெல்லாம் சோடனை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டியில் காய்கறி ஏலம் விடுகிற மனிதருக்கு எழுத்தின் நாகரிகம் என்ன தெரியும் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுதிய சீட்டுகளை நீ பார்த்திருக்கிறாய். "முருங்கை இன்று வேண்டாம். கத்தரி இரண்டு லோடு. ஆறு மணிக்குள்." அவ்வளவுதான். கேரளத்துக்குப் போகிற லாரிக்காரன் இஞ்சினை நிறுத்தாமலே ஒரு கையால் அதை வாங்கிப் படித்துவிட்டுப் போவான். எம்.ஏ. படித்த நான் அந்தச் சீட்டுகளைப் பார்த்து முகம் சுளித்தேன். வணக்கமில்லை, விளியில்லை, இப்படிக்கு இல்லை. இன்று யோசிக்கும்போது, எழுதும் முன் கேட்கவேண்டிய கேள்விகளை அவர் மட்டும்தான் கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது. இதைப் படிக்கப் போகிறவன் யார்? எந்த நிலையில், எதைப் பிடித்துக்கொண்டு, எதற்கு நடுவில் படிப்பான்? படித்ததும் அவன் என்ன செய்யவேண்டும்? எத்தனை மணிக்குள்? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் பேனாவைத் திறப்பவன் தனக்காகத்தான் எழுதுகிறான். உன் முதலாளி போனை எப்படிப் படிப்பார் என்று உனக்கே தெரியும். காரின் பின்னிருக்கையில், இன்னொருவரோடு பேசிக்கொண்டே, திரையில் தெரிகிற முதல் இரண்டு வரியை மட்டும். உன் முதல் இரண்டு வரியில் இருப்பது பேத்தியின் காது.

இனி எழுதப் போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால், திண்டுக்கல் டவுனில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் அலுவலகத்தில் கடிதங்களெல்லாம் என் கையில் இருந்தன. தோல் ஊறும் தொட்டிகளின் கழிவு போய்ச் சேரும் மூடிய தொட்டி ஒன்று பின்கட்டில் உண்டு; அடைத்துக்கொண்டால் யாராவது இறங்கி அள்ளுவார்கள். சென்னையிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர் அதை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மேடம், இதுல விஷ வாயு நிக்குது. எறங்குனா செத்துருவான். எழுதிப் போடுங்க" என்றார். எழுதிப் போட்டேன். தீபாவளிக்கு முந்திய சுற்றறிக்கை அது, பதினோரு அம்சங்கள். முதலாவது போனஸ், இரண்டாவது விடுமுறை நாட்கள். பிறகு சைக்கிள் நிறுத்துமிடம், அடையாள அட்டை, இன்ன பிற. ஏழாவதாக, "கழிவுத் தொட்டியினுள் இறங்குவோர் போதிய காற்றோட்டத்தை உறுதிசெய்து, மேற்பார்வையாளரின் முன்னனுமதி பெற்ற பின்னரே இறங்குதல் வேண்டும்; தவறின் ஏற்படும் விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது." அந்த அரைப்புள்ளியை எங்கே வைப்பது என்று நான் கால் மணி நேரம் யோசித்தேன். மேஸ்திரி காசிம் பாய் கேட்டருகே நின்று உரக்க வாசித்தார். போனஸ் என்றதும் விசில் பறந்தது. விடுமுறை நாட்கள் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. "ஏய், செத்த நேரம் நில்லுங்கப்பா, இன்னும் இருக்கு!" என்று அவர் கத்தினார், "மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க பாய்!" என்று ஒருவன் போகிற போக்கில் சொன்னான். ஏழாவதைக் கேட்க அங்கே மூன்று பேர்கூட இல்லை. அடுத்த வாரம் மாரிமுத்து என்பவன் அந்தத் தொட்டியில் இறங்கினான். ஏறவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் சுற்றறிக்கையின் நகலை எடுத்துக் கொடுத்தவள் நான். அவர் ஏழாவது அம்சத்தைப் படித்துத் தலையாட்டினார். "நீங்க எழுதி வச்சிருந்ததாலதாம்மா தப்பிச்சோம்" என்றார் அந்த ஷாப் முதலாளி. நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். நான் அன்று அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். காரியங்கள் முடிந்த பிறகு மாரிமுத்துவின் மனைவி அகரம் ஊரிலிருந்து வந்தாள். அழவில்லை. "எழுதி ஒட்டியிருந்துச்சாமே. எங்க, காட்டுங்க" என்றாள். காட்டினேன். ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்துப் போனஸிலிருந்து ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிக்கொண்டு வந்து ஏழாவதில் நின்றாள். இரண்டு முறை படித்தாள். "எறங்குனா செத்துருவான்னு எங்கயும் போடலையேம்மா?" என்றாள். "விளைவுகள்னா அதான்மா அர்த்தம்" என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன். அவள் தாளை என்னிடமே நீட்டி, "அப்ப அதையே எழுதியிருக்கலாம்ல" என்று சொல்லிப் போய்விட்டாள். இன்ஜினியர் சொன்ன சொல் என் மேசைவரை வந்தது, தம்பி. அதை வாங்கித் துடைத்து, மணம் பூசி, யார் மேலும் படாத இடத்தில் வைத்தவள் நான்.

ஆகவே உன் செய்தியை நான் படிக்கும் விதம் வேறு. முப்பத்தோராம் வரியை நீ முதலாளிக்காக எழுதவில்லை. என்றாவது தொட்டி விழுந்தால் விசாரிக்க வருகிறவனுக்காக எழுதியிருக்கிறாய். "நான் தெரிவித்திருந்தேனே" என்று அவனிடம் நீட்டுவதற்காக எழுதியிருக்கிறாய். அதனால்தான் அது நாளைக்குப் போனாலும் உனக்குப் போதுமானதாக இருக்கிறது. இந்த வருடம் உன்னை மேனேஜராக உயர்த்தப் போகிறார்கள் என்பதும், திங்கட்கிழமை வருகிறவர்களுக்காகப் பூட்டி வைத்திருக்கும் வெள்ளையடித்த கட்டடத்தில் பாய் சுருட்டோடு பெண்களைக் குடியேற்றுவது எவ்வளவு சங்கடம் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. நீ கெட்டவன் அல்ல. கெட்டவனாக இருந்தால் மாடி ஏறிப் படமே எடுத்திருக்க மாட்டாய். நீ என்னைப்போலத் தன்னைப் பத்திரப்படுத்திக்கொள்கிறவன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் நாற்பத்தாறு வரியைத் திருத்தினேன். திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன், அதுவும் தவறு. எது இல்லாவிட்டால் ஓர் உயிருக்கு ஆபத்தோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்துவிடவேண்டும். அடித்த பிறகு மிஞ்சியது இது:

"விடுதி இரண்டாம் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி இடிந்து விழும் நிலையில் இருக்கிறது. கீழே நைட் ஷிப்ட் முடித்த பெண்கள் இப்போது தூங்குகிறார்கள். விழுந்தால் செத்துப்போவார்கள். தொட்டியை உடனே வடித்து, பெண்களை விருந்தினர் கட்டடத்துக்கு மாற்ற அனுமதி வேண்டும். 'சரி' என்று ஒரு சொல் போதும். பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் நானே மாற்றிவிடுவேன்."

இதை ஒன்பதரைக்கு உனக்கு அனுப்பினேன். பார்க்கவில்லை. பத்து மணிக்கு, உன் புதுமனை புகுவிழாவின்போது வாங்கி வைத்திருந்த எண்ணுக்கு, உன் முதலாளிக்கே அனுப்பினேன், என் பெயரும் உன் பெயரும் போட்டு. அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: ஒரு குத்துவிளக்குப் படம், அதன் கீழே இனிய வெள்ளிக்கிழமை வாழ்த்து. தெரியாத எண்ணிலிருந்து வருவதற்கெல்லாம் அதுதான் பதில் போலும். கூப்பிட்டேன், டிரைவர் எடுத்தார். "ஐயா கோயில்ல இருக்காருங்க. நல்ல விசயங்களா?" என்றார். "இல்லைங்க" என்றேன். "அப்ப நாளைக்குக் கூப்பிடுங்க அம்மா" என்று மிகுந்த மரியாதையோடு வைத்துவிட்டார். தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அலுவலகத்துக்குப் பேசினேன். "எழுதிக் குடுங்கம்மா, திங்கட்கிழமை ஆபீசர் வந்ததும் வைக்கிறோம்" என்றார்கள். எழுதிக் கொடுப்பதாம். வாழ்நாள் முழுவதும் அதைத்தானே செய்தேன்.

கடைசியாக விடுதி வார்டன் ஜோதியைப் பிடித்தேன். கன்னிவாடிக்காரப் பெண், போன பொங்கலுக்கு உன்னோடு வீட்டுக்கு வந்தவள். "நேத்து சொட்டு சொட்டா விழுந்துச்சும்மா, இன்னிக்குக் காலைல இருந்து ஒழுகா ஊத்துது. வாளிய ரெண்டாக்கிட்டோம்" என்றாள். "புள்ளைகள எறக்குடி" என்றேன். "நைட் ஷிப்ட் பாத்துட்டு இப்பத்தாம்மா படுத்துச்சுக. ஆர்டர் இல்லாம எழுப்புனா என் சீட்டக் கிழிச்சிருவாக. சார்கிட்ட சொல்லிட்டேன், சாரும் மேல எழுதியிருக்கேன்னாக" என்றாள். சார் என்றது உன்னை. நீ எழுதியிருப்பதாக நம்பி அங்கே எல்லாரும் தூங்குகிறார்கள். ஜோதியிடம் இன்னொன்றும் கேட்டேன்: வாளி இருக்கிற அறைக்கு எண் என்ன? சொன்னாள்.

தம்பி, என்னிடம் இனிச் சொற்கள் இல்லை. நீளமாக எழுதினேன், குறுக்கி எழுதினேன், உரியவர்களுக்கெல்லாம் எழுதினேன். எவனும் படிக்காத செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு, அனுப்பினேன் என்று மார்தட்டிக்கொள்ள நான் இன்னொரு முறை தயாராக இல்லை. வாசலில் ஆட்டோ நிற்கிறது. பாண்டியம்மாளும் வருகிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்கிறாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. மேனேஜரின் அம்மா என்று சொன்னால் கேட்டில் விடுவார்கள். நீ இன்னும் ஆகவில்லை என்பது செக்யூரிட்டிக்குத் தெரிந்திருக்காது. மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏற எனக்கு அரை மணி நேரம் ஆகும். ஏறுகிற வழியெல்லாம் கதவைத் தட்டுவேன். எழுந்து வருகிறவர்களைப் பாண்டியம்மாள் கீழே அழைத்துப் போவாள். எழ மறுக்கிறவர்களோடு நான் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். இந்தக் காகிதங்கள் என் கைப்பையில் இருக்கும். அப்புறம் வாங்கிப் படித்துக்கொள்.

ஆட்டோவில் ஏறுமுன்பே உனக்குப் புதிதாக ஒரு செய்தி அனுப்பிவிட்டேன்; நீ பார்க்கும்போது அது உண்மையாகியிருக்கும். ஒரே வரி. திரையைத் திறக்காமலே முழுவதும் தெரியும்.

"அம்மா உன் விடுதி மேல்மாடியில், பதினேழாம் நம்பர் அறையில், தொட்டிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்."